குளிக்கத் தடை

மாடியில் சத்தமே இல்லை. இருந்தாலும் கேட்கப்போவதில்லை, மலையில் மழை பிடித்து அருவி இப்படி இரைகிறபோது மேலே ஒரு குடம் உருண்டால்கூடக் கீழே தெரியாது. ஆவுடையம்மாளுக்கு அது தெரியாததல்ல. தெரிந்தும், லாட்ஜின் முன்மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காதை மாடிப்படியிலேயே வைத்திருந்தாள். காலையில் சாரல் ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்த நேரத்தில் வந்தாள் அந்தப் பெண், தனியாக, தோளில் ஒரு துணிப்பை மட்டும், தலையில் போட்டிருந்த முந்தானை நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும். ரூம் வேண்டும் என்றாள். அருவியில் குளிக்க விடுவதில்லையே, மூன்று நாளாகத் தடை போட்டிருக்கிறார்களே, தெரிந்துதான் வந்தீர்களா என்று ஆவுடையம்மாள் கேட்டாள். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் வந்த ஒற்றை ஆளிடம் எந்த லாட்ஜ்காரியும் கேட்கக்கூடாத கேள்வி அது, ஆனால் வாயில் வந்துவிட்டது. "குளிக்க வரலக்கா" என்றாள் அந்தப் பெண். "நாலாம் நம்பர் ரூம் கிடைக்குமா?" எட்டு அறையும் காலியாகக் கிடக்கும்போது ஏன் நாலாம் நம்பர் என்று கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் ஊர்ப்பேர் சொல்வதைப்போல. "போன வருசம் அதுல தங்குனாங்களே, கோவில்பட்டிக்காரங்க. தனுஷ்கோடின்னு. அவரோட சம்சாரம் நான். செண்பகவல்லி." சாவியைக் கையில் வாங்கும்போது அவள் விரல்கள் சில்லென்று பட்டன. மழைக் குளிர்தான், மழையில் வந்தவளுக்கு விரல் வேறு எப்படி இருக்கும். ஆவுடையம்மாளே கூடப் போய்க் கதவைத் திறந்துவிட்டு, ஜன்னல் கம்பியில் இருந்த ஒட்டடையைக் கையால் வழித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் உள்தாழ்ப்பாள் விழுந்தது. அதற்கப்புறம் அருவி மட்டும்தான்.

ஏன் கொடுத்தாள்? கொடுக்காமல் என்ன சொல்லியிருக்க முடியும், உன் புருசன் கடைசியாகத் தூங்கிய அறையை உனக்குத் தர மாட்டேன் என்றா? அந்த மனுசன் முகம்கூட இப்போது சரியாக நினைவுக்கு வரவில்லை, மீசையா தாடியா என்று நினைத்தால் டிவியில் காட்டிய போட்டோதான் முன்னால் வந்து நிற்கிறது, குரல் மட்டும் தனியாக இருக்கிறது, ஆள் இல்லாத குரல். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்க்கிறவர்கள், ஐந்து பேர், சிரித்துக்கொண்டே வந்தார்கள். ராத்திரி தங்கி எழுந்து அருவிக்குக் கிளம்பும்போது அவன்தான் மேஜை வரைக்கும் வந்து, "அக்கா, ஒரு பக்கெட் வெந்நி கிடைக்குமா?" என்றான். "அருவியில குளிக்க வந்துட்டு வெந்நி கேக்கீகளே" என்று இவள் சிரித்தாள். "குளிச்சிட்டு வந்து நடுங்குவேன்லக்கா, அதுக்குத்தான் இப்பவே சொல்லி வைக்கேன்." லாட்ஜில் வேலைக்கு இருக்கிற மாடத்தி வெந்நீர் போட்டு நாலாம் நம்பர் வாசலில் கொண்டுபோய் வைத்தாள். ஆவி பறந்தது. ஆவி அடங்கியது. இங்கே அடிவாரத்தில் வெயில்கூட அடித்தது அன்றைக்கு, மேலே மலையில் எங்கேயோ கொட்டிய மழை, யார் கண்ணுக்கும் தெரியாத மழை, ஒரு நிமிசத்தில் தண்ணீர் செம்மண்ணாக மாறிப் பாறையே பெயர்ந்து வருவதைப்போல வந்ததாம். விசில் அடித்தார்கள், ஓடச் சொன்னார்கள், எல்லாரும் ஓடினார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர் குறைந்தார். அவ்வளவுதான். கூட வந்த நாலு பேரும் ஈரத் துண்டோடு திரும்பிவந்து இதே மேஜைக்கு முன்னால் நின்றார்கள், தண்ணீர் சொட்டச் சொட்ட. நாலாவது ஆள் கையில் இரண்டு பேருடைய சட்டை இருந்தது. அவர்கள் நின்ற இடத்தில் தரை நனைந்து ஒரு சிறு குளம் போலத் தேங்கியதைத்தான் ஆவுடையம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அருவிப் பக்கம் கேமராவை விடவில்லை போலீஸ். அதனால் படம் பிடிக்க வந்தவர்களுக்கு லாட்ஜின் போர்டுதான் கிடைத்தது. ஒரு பையன் போர்டுக்கு முன்னால் நின்று போனைப் பார்த்துக் கத்தினான், "இந்த லாட்ஜ்ல தங்கியிருந்தவர்தான் நண்பர்களே" என்று, ஏதோ லாட்ஜே அந்த மனுசனைத் தூக்கித் தண்ணீரில் போட்டது போல. அந்த வீடியோவை எத்தனையோ லட்சம் பேர் பார்த்தார்களாம். அதற்கப்புறம் இணையத்தில் லாட்ஜின் பேருக்குக் கீழே ஒவ்வொரு நட்சத்திரமாக விழுந்தது. எவனோ ஒருத்தன், இந்த ஊர்ப் பக்கமே வராதவன், நாலாம் நம்பரில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், குழாயை மூடினாலும் நிற்காது என்று எழுதிவைத்தான். ஆவுடையம்மாளின் மகள் சென்னையிலிருந்து போனில் வாசித்துக் காட்டினாள், கோபமாகத்தான் வாசித்தாள், ஆனால் வாசித்துவிட்டாளே. அன்றிலிருந்து ஆவுடையம்மாளுக்கும் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. கேட்கவில்லை, கேட்கிற மாதிரி இருந்தது. போய்ப் பார்த்தாள், குழாய் காய்ந்து கிடந்தது. கீழே வந்து உட்கார்ந்தால் மறுபடி ஒரு சொட்டு. எவனோ கோயம்புத்தூரில் உட்கார்ந்து பொழுதுபோகாமல் எழுதிய சொட்டு, இங்கே இவள் தலைக்குள் விழுந்தது. அதை யாரிடம் சொல்வது, பிளம்பரிடமா, பூசாரியிடமா?

இந்தத் தொழிலே இப்படித்தான், எங்கேயோ யாரோ தும்மினால் இங்கே காய்ச்சல். மேற்கே கேரளாவில் மழை தப்பினால் இங்கே சாரல் இல்லை, பாறை கறுத்து வெந்து கிடக்கும், ஜனங்கள் வந்து பார்த்துவிட்டு சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிடும். மழை கூடிப்போனால் தடை. நடுவில் அளவாகப் பெய்கிற மழைக்குத்தான் இந்த ஊரில் அடுப்பு எரிகிறது, அந்த அளவு யார் கையில் இருக்கிறது? ஒரு வருசம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஏதோ காய்ச்சல் என்று சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி மருந்து அடித்தார்கள், காய்ச்சல் இந்தப் பக்கம் வரவே இல்லை, ஆனால் சீசன் போய்விட்டது. ஒரு வருசம் பள்ளிக்கூடத்தை ஒரு வாரம் முன்னால் திறந்தார்கள். யாரோ அதிகாரி ஒரு காகிதத்தில் தேதியை மாற்றினார், இங்கே எட்டு அறையிலும் பூட்டுத் தொங்கியது. ஊரடங்கு வருசம்தான் கொடுமை. அந்த வருசம் தண்ணீர் எப்படி விழுந்தது! ஆவுடையம்மாள் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததில்லை. வெள்ளை வெளேரென்று, அளவாக, பொங்கிப்பொங்கி, குளிக்க ஒரு ஆள் இல்லை. பால் வாங்கப் போனவள் தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். எண்ணெய் தேய்க்கிறவர்கள் இல்லை, சோப்பு வாசனை இல்லை, பிள்ளைகளின் கூச்சல் இல்லை. குரங்குகள் மட்டும் படிக்கட்டில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி வந்த ஜனங்களைப்போலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போது ஒரு பயம் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது அது. இந்தத் தண்ணீருக்கு நாம் வேண்டாம். நாம் வந்தாலும் விழும், வராவிட்டாலும் விழும். நாம்தான் அதை நம்பி எட்டு அறை கட்டி, எட்டு மெத்தை வாங்கிப் போட்டு, பக்கெட்டுக்கெல்லாம் நம்பர் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

"யக்கா" என்று மாடத்தி வந்து நின்றாள். பதினைந்து வருசமாக அறை கூட்டித் துடைக்கிறவள், அழுக்குத் துணி மூட்டையை இடுப்பில் வைத்தபடி மாடியைக் கண்ணால் காட்டினாள். "அந்தப் பிள்ள காப்பிகூட வேண்டாம்னுட்டு. வந்து எம்புட்டு நேரமாச்சு. ஒரு அரவமும் இல்லையே."

"தூங்கும்."

"பஸ்ல வந்த அலுப்புல தூங்குனா சரிதான்." மாடத்தி மூட்டையை இறக்கி வைத்தாள். குரலைத் தணித்தாள். "இல்லக்கா, மனசுக்கு ஒப்பல. அந்தப் பிள்ள கண்ணப் பாத்தீகளா? ரெண்டும் குழிஞ்சு போய்க் கெடக்கு. மேல ஃபேன் கொக்கி இருக்குல்லா."

"வாய மூடுடி."

"சொல்லுததச் சொல்லுதேன். தனியா வார ஆளுக்கு ரூம் குடுக்கும்போது யோசிச்சுக் குடுங்கன்னு ஸ்டேஷன்லயே சொல்லியிருக்காங்கல்லா. ஒரு போனு போட்டுச் சொல்லிட்டா நம்ம மேல ஒண்ணும் இல்ல பாத்துக்கிடுங்க."

நம்ம மேல ஒண்ணும் இல்ல. மாடத்தி துணியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள், அந்த நாலு வார்த்தையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனதைப்போல. கொக்கி. அந்த ஃபேன் கொக்கி எவ்வளவு பலமானது என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியும், கட்டும்போதே கொத்தனாரிடம் நல்ல கம்பியாகப் போடச் சொன்னவள் அவள்தான், பிடுங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது பாருங்க, யார் தலையிலாவது விழுந்துவிட்டால் கெட்ட பேர் என்று. போன் போட்டால் போலீஸ் வரும். ஜீப் வாசலில் நிற்கும். தடைபோட்ட நாளில் வேலை இல்லாமல் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற எதிர்க்கடைக்காரர்கள் எழுந்து வருவார்கள், அந்த மாதிரிப் பையன் ஒருத்தன் போனோடு வருவான், அதே போர்டு, நண்பர்களே அதே லாட்ஜ், அதே நாலாம் நம்பர். போன் போடாவிட்டால், போடாமல் இருந்து அது நடந்துவிட்டால், அப்போதும் ஜீப், அப்போதும் பையன். எப்படிப் பார்த்தாலும் போர்டு. எப்படிப் போனாலும் நினைப்பு அந்தப் போர்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே ஒரு உயிர் கிடக்கிறது, இருக்கிறதோ இல்லையோ தெரியவில்லை, இவளுக்குப் போர்டு ஞாபகம் வருகிறது. சீ. நான் யாருக்காகப் பயப்படுகிறேன்? அவளுக்காகத்தான் என்று சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது, உள்ளே எதுவும் அசையவில்லை. அவளுக்காகவும்தான் என்று மாற்றிச் சொன்னாள். அந்த 'வும்' தொண்டையில் மீன்முள்ளைப்போலக் குத்திக்கொண்டு நின்றது.

போன் அடித்தது. அவள் வீட்டுக்காரர் குற்றாலிங்கம். மெயின் ரோட்டில் புதிதாக வந்த ரிசார்ட்டில் இரண்டு வருசமாக வேலை பார்க்கிறார், கழுத்துப்பட்டி போட்ட சட்டையும் மார்பில் பேர் எழுதிய வில்லையுமாக. சொந்த லாட்ஜில் முதலாளியாக இருந்தவர் போய் இன்னொருத்தன் வாசலில் கும்பிடு போட்டு வரவேற்கிறாரே என்று ஊர் பேசியது. பேசிய ஊர் மின்சாரக் கட்டணம் கட்டுமா? அங்கே மோட்டார் வைத்து ஒரு அருவி செய்திருக்கிறார்கள், சிமெண்டுப் பாறை, சுவிட்சைப் போட்டால் விழும், அணைத்தால் நிற்கும். அதற்கு மழையும் வேண்டாம், தடையும் கிடையாது, அது யாரையும் அடித்துக்கொண்டு போகவும் செய்யாது.

"இங்க எள்ளுப் போட இடமில்ல" என்றார் குற்றாலிங்கம். பின்னால் பாட்டுச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும் கேட்டன. "அருவியில விடலைன்னதும் பூராக் கூட்டமும் இங்கதான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு." ஊருக்குத் தடை வந்தால் அவருடைய சம்பளம் நிலைக்கிறது, தடை நீங்கினால் வீட்டு லாட்ஜ் பிழைக்கிறது, எந்தப் பக்கம் சந்தோசப்படுவது என்று தெரியாத ஒரு சிரிப்பு சிரித்தார். "ஆனா இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள விட்டுருவாங்கன்னு பேசிக்கிடுதாங்க. தண்ணி தணிஞ்சிருச்சாம். ரூமெல்லாம் ரெடியா இருக்கா?"

அவள் சொன்னாள். நாலாம் நம்பரில் யார் இருக்கிறார்கள் என்று சொன்னாள். 

"ஆவுடை, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நயமாப் பேசி அனுப்பி விடு. ரூம் புக் ஆயிருச்சு, மறந்துட்டேன்னு சொல்லு. பாவம்தான், நான் இல்லைங்கல. ஆனா அந்த ரூம்ல இன்னொன்னு ஆச்சுன்னா அப்புறம் நாம கதவச் சாத்த வேண்டியதுதான். நீயும் இங்கயே வந்து துணி மடிக்கலாம்."

"அது பாட்டுக்குப் படுத்திருக்கு. நான் எப்படிப் போய்த் தட்டுவேன்?"

"தட்டித்தான் ஆகணும்" என்றார். யாரோ கூப்பிட்டார்கள், "எஸ் சார்" என்று அவர் வேறொரு குரலில் சொன்னது கேட்டது, போன் அணைந்தது.

எழுந்தாள். படிக்குக் கீழே வந்து நின்றாள். கைப்பிடிச் சுவரில் கை வைத்தபோது சாரலின் ஈரம் சுண்ணாம்புக்குள்ளே ஊறியிருந்தது, சுவரே வியர்ப்பதைப்போல. மேலே பார்த்தாள். படிகள் திரும்புகிற இடத்தில் வெளிச்சம் பச்சையாக இருந்தது. மலையின் நிறம் ஜன்னல் வழியாக வந்து சுவரில் படிகிற நேரம் அது. இருமல் சத்தம் கேட்காதா, கட்டில் நெறிகிற சத்தம், வளையல், ஒரு அழுகைச் சத்தமாவது? அழுதால் நல்லது. அழுகிற ஆள் இருக்கிற ஆள். ஒன்றும் இல்லை, அருவி மட்டும் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது, அதன் இரைச்சல் சுவரில் இருந்தது, படியில் இருந்தது, அவள் பல்லுக்குள் இருந்தது. ஒரு நிமிசம் நிற்காதா இது? முப்பது வருசமாக, தண்ணீர் விழ வேண்டும் விழ வேண்டும் என்று ஒவ்வொரு ஆனியிலும் மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவள், முதன்முதலாக, நின்று தொலையேன், ஒரே ஒரு நிமிசம், மேலே ஒருத்தி மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கத்தினாள். ரிசார்ட்டில் என்றால் சுவிட்சை அணைத்துவிடலாம். அப்போது தலைக்குள் ஒரு சொட்டு விழுந்தது. நாலாம் நம்பர் குழாய். இல்லை, குழாய் காய்ந்து கிடக்கிறது. இல்லை, இன்றைக்கு உள்ளே ஆள் இருக்கிறது, ஆள் இருந்தால் குழாயைத் திறந்திருக்கும். நிஜமாகவே சொட்டுகிறதோ? அவள் திறந்த குழாயா, அல்லது அந்த ஐந்து பேரில் ஒருவன் ஈரத்தோடு உள்ளே நின்றுகொண்டு, அக்கா வெந்நி எங்கே என்று... ஒரு படி ஏறினாள். இன்னொன்று ஏறினாள். தட்டினால் என்ன சொல்வது? ரூம் புக் ஆகிவிட்டது என்றா? தட்டியும் திறக்காவிட்டால்? தட்டாத வரைக்கும் அவள் தூங்குகிறாள். தட்டித் திறக்காத அந்த நிமிசத்திலிருந்துதான் அவள் வேறு ஏதோ ஆகிவிடுவாள். அதனால் தட்டாமல் இருப்பதுதான் அவளை உயிரோடு வைத்திருப்பது என்று ஒரு கிறுக்கு நினைப்பு வந்து காலைக் கட்டியது. ஆவுடையம்மாள் இறங்கி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். இதே போல் எத்தனை தரம் எழுந்தாள், எத்தனை தரம் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தெருமுனையில் ஒரு ஆட்டோக்காரன் கத்திக்கொண்டே போனான். "விட்டாச்சு! மெயினருவியில குளிக்க விட்டாச்சு!" அவ்வளவுதான், செத்துக் கிடந்த தெருவுக்கு உயிர் வந்துவிட்டது. ஷட்டர்கள் தடதடவென்று ஏறின. எதிர்க்கடையில் சிப்ஸ் சட்டியில் தேங்காய் எண்ணெய் காய்கிற வாசனை, எண்ணெய் தேய்க்கிறவர்கள் பலகையைத் தட்டிப்போடுகிற சத்தம், ரம்புட்டான் கூடைக்காரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஓடினாள். மாடத்தி பின்பக்கத்திலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து, "யக்கா, தாயி கண்ணத் தொறந்துட்டா" என்று மலைப்பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். அதற்குள் வாசலில் ஒரு வேன் வந்து நின்றுவிட்டது. அதன் பின்னால் இன்னொன்று. அருப்புக்கோட்டைக்காரர்கள், ஒரே மில்லில் வேலை பார்க்கிற குடும்பங்கள். தடை என்று தெரியாமல் கிளம்பி, வழியெல்லாம் மனசு கெட்டு வந்து, ஊருக்குள் நுழையும்போது நல்ல செய்தியைக் கேட்டவர்கள். பிள்ளைகள் இறங்குவதற்கு முன்பே துண்டைத் தலையில் கட்டியிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் மேஜைக்கு வந்து, "ரூம் எத்தனை இருக்கும்மா? எல்லாம் ஒரே இடத்துல இருந்தாத்தான் எடுப்போம். மூணு நாளைக்கு. வயசானவங்க, பிள்ளைங்க இருக்காங்க, பிரிஞ்சு இருக்க முடியாது" என்றார்.

"எட்டு இருக்கு" என்றாள் ஆவுடையம்மாள்.

"சரியாப் போச்சு. எட்டையும் குடுத்துருங்க."

"ஒரு நிமிசம்" என்று எழுந்து படியேறினாள். விறுவிறுவென்று ஏறினாள், முழங்கால் வலி தெரியவில்லை. படி திரும்புகிற இடத்தில்தான் அது அவளைப் பிடித்து நிறுத்தியது. எட்டு என்று சொன்னேன். எட்டு. உள்ளே ஒருத்தி படுத்திருக்கும்போது, காலையிலிருந்து அவளைத் தவிர வேறு எதையும் நினைக்காதபோது, கேட்ட மாத்திரத்தில் வாய் எட்டு என்று சொல்லிவிட்டது. நாலாம் நம்பரைக் காலி என்று எண்ணியது இந்த வாய். அவளைக் காலையிலேயே அங்கேயிருந்து எடுத்துவிட்டிருக்கிறது. காலையிலிருந்து இரண்டு படி ஏறினால் மூன்று படி இறங்கினவள், உயிர் போகிறதோ என்று பதறும்போது தட்ட முடியாத கதவை, வேன் வந்ததும் தட்டுவதற்கு ஓடுகிறாள். கால் அதே கால்தான். அதே படிதான். சுவரில் பச்சை வெளிச்சம் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, வெயில் வந்துவிட்டது. நண்பர்களே என்று கத்தினானே அந்தப் பையன், அவனைத் திட்டாத திட்டா, செத்தவன் பேரில் பிழைக்கிறான் என்று மண்ணை வாரித் தூற்றாத குறைதானே. அவனுக்கும் எனக்கும் நடுவில் என்ன, ஒரு போர்டுதானே? அவன் அதற்கு முன்னால் நின்றான், நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கதவுக்கு முன்னால் வந்துவிட்டாள். கையும் ஓங்கிவிட்டாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. தட்டவில்லை. மெதுவாகத் தலையைச் சாய்த்துக் காதைக் கதவில் வைத்தாள். மரம் குளிர்ந்து கிடந்தது. முதலில் அருவிதான் கேட்டது, கதவுக்குள்ளேயும் அதுதான் ஓடுகிறதோ என்று தோன்றுகிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள். இரைச்சலுக்கு அடியில், ரொம்ப அடியில், வேறு ஒன்று இருந்தது. இழுத்து, நின்று, விட்டு, மறுபடி இழுத்து. குறட்டை. பெரிய குறட்டை, கூச்சமில்லாத குறட்டை, நாள் முழுக்க அறுப்பறுத்த ஆள் வரப்பில் கிடந்து விடுகிறதைப் போல. ஆவுடையம்மாள் கதவோரம் உட்கார்ந்துவிட்டாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள், வந்தது சிரிப்பா அழுகையா என்று அவளுக்குத் தெரியவில்லை, இரண்டில் எது வந்தாலும் உள்ளே இருப்பவள் விழித்துக்கொள்ளக் கூடாது.

கீழே வந்து, "ஏழுதான் இருக்குங்க" என்றாள்.

"இப்பத்தான எட்டுன்னீங்க?"

"தப்பாச் சொல்லிட்டேன். நாலாம் நம்பர்ல ஆள் இருக்கு."

"எத்தனை பேரு?"

"ஒரு பொம்பள."

"ஒரு ஆள்தானம்மா? வேற லாட்ஜ்ல மாத்தி விடுங்க, அதுக்கு ஆகுறத நாங்க குடுத்துருதோம்." அவர் கெட்ட மனுசர் இல்லை, நியாயமாகத்தான் கேட்டார். பின்னால் ஒரு கிழவி வேன் படியில் உட்கார்ந்து கால் மரத்துப்போய் நீவிக்கொண்டிருந்தாள்.

"தூங்குது" என்றாள் ஆவுடையம்மாள்.

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். தூக்கம் ஒரு காரணமா என்பது போல. பிறகு வேன் பக்கம் திரும்பிக் கையை அசைத்தார், பிள்ளைகள் முனகிக்கொண்டே ஏறினார்கள், இரண்டு வண்டியும் தெருமுனையில் இருக்கிற பெரிய லாட்ஜைப் பார்க்கப் போயின. மாடத்தி தலையில் கை வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "எட்டு ரூம் ஒட்டுக்கா... யக்கா, மூணு நாளு... ஒங்களுக்கு என்ன ஆச்சு?" மேஜையில் போன் மறுபடி அடித்தது. குற்றாலிங்கம். தடை நீங்கியதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார், கூட்டம் வந்ததா என்று கேட்கத்தான். அது அடித்து அடித்து ஓயும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள் ஆவுடையம்மாள். என்னத்தைச் சொல்வது அவரிடம்? பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. இன்றைக்கு நடக்காதது நாளைக்கு நடக்காது என்று எவன் எழுதிக் கொடுத்தான். தலைக்குள் சொட்டு நின்றதா என்றால், அதுவும் இல்லை. ஆனால் அது இப்போது விழுகிறபோது இவள் திடுக்கிடவில்லை, யாரோ தெரிந்த ஆள் வாசலில் நிற்பது போல இருந்தது. அது போதுமா? அதுவும் தெரியவில்லை.

செண்பகவல்லி இறங்கி வந்தபோது சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்து, ஒரு பக்கத்து முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. காலையில் வந்தவளைவிட அழகில்லாமல் இருந்தாள், காலையில் வந்தவளைவிட உயிரோடு இருந்தாள். ஆவுடையம்மாள் உள்ளே போய்த் தட்டில் சோறும் புளிக்குழம்பும் ஒரு அப்பளமும் போட்டுக் கொண்டுவந்து மேஜை மேலேயே வைத்தாள். செண்பகவல்லி வேண்டாம் என்று சொல்லவில்லை.

"ரொம்ப நேரம் தூங்கிட்டேன்லக்கா?"

"தூங்குனா என்ன. வீட்டுக்குச் சொல்லிட்டு வந்தீங்களா?"

"சொன்னா விட மாட்டாங்க." அப்பளத்தை ஒடித்தாள். "இப்ப தேடுவாங்க. சாப்பிட்டுட்டுப் போன் போடுதேன்." கொஞ்சம் சாப்பிட்டாள். பிறகு தட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அவரு கடைசியாப் படுத்த கட்டிலு. அதுல படுத்தா எப்படி இருக்குமோன்னு பஸ்ல வரும்போதெல்லாம் அதையேதான் நெனச்சுக்கிட்டு வந்தேன். படுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லக்கா. சும்மா கட்டில்தான். நாலு பக்கமும் தடவிப் பாத்தேன். அப்படியே தூங்கிட்டேன்." தண்ணீர் குடித்தாள். "வீட்ல தூங்க விட மாட்டாங்க. நான் ஏதும் பண்ணிக்கிடுவேனாம். அசந்து கண்ண மூடுனா எங்கம்மா மூக்குக்கிட்ட விரல வச்சுப் பாக்கும், முழிப்புத் தட்டிரும். குளிக்கப் போனா வாசல்ல நின்னு தட்டிக்கிட்டே இருப்பாங்க. மாமியாரு தட்டுவாங்க, எங்கண்ணன் தட்டுவான், பக்கத்து வீட்டு அக்கா தட்டும். பாசம்தான். ஆனா ஒரு வருசமாத் தட்டிக்கிட்டே இருக்காங்க. இங்க வந்து தாழ்ப்பாள் போடும்போதும் நெனச்சேன், இந்த அக்காவும் இப்பத் தட்டுவாங்க, எப்படியும் தட்டுவாங்கன்னு." முதன்முறையாகத் தலையை நிமிர்த்தி ஆவுடையம்மாளை நேராகப் பார்த்தாள். "நீங்க ஒரு தடவகூடத் தட்டலக்கா."

ஆவுடையம்மாள் வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வாசலில் நனைந்த தலையோடு பிள்ளைகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு ஓடின, தெருவெல்லாம் சோப்பு வாசனை.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்று கேட்டாள்.